மறுமொழி: பெயின்ற் அடிக்கும்போது நிலத்தில் விரிக்கும் துணிக்கு என்ன சொல்?

அண்ணை, வணக்கம். மற்றவர்களுக்கும் வணக்கம்.

பெயின்ற் வேலைக் கையேட்டுக்காக, நிலத்தில் விரிக்கும் துணிக்கு நீங்கள் சொன்ன 'துளித்துணி'யை இரண்டு நாளாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒட்டவில்லை. கேட்கிறவருக்கு ஈரம் சொட்டுகிற துணிதான் நினைவுக்கு வரும், பெயின்ற் சிந்தினால் நிலம் பழுதாகாமல் இருக்க விரிப்பது என்று யாருக்கும் தோன்றாது. அக்கா எழுதிய 'நிலவிரிப்பு' நல்ல தமிழ்தான், ஆனால் அது ஏற்கெனவே கார்பெற்றுக்குப் போய்விட்டது. அழகுக்கு விரிப்பதும் அழுக்குப்பட விரிப்பதும் ஒரே பெயரில் இருக்கக் கூடாது.

என்னுடைய முன்மொழிவு 'சிந்துபடங்கு'. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போன தைப்பொங்கலுக்கு முன்னம் எங்கள் முன் அறைக்கு நானே எமல்சன் பெயின்ற் அடித்தேன். நிலம் சிவப்புச் சாயம் போட்டு இழைத்த பழைய சீமெந்து. மெல்லிய பொலித்தீன் வாங்கி விரித்தேன், இனிப் பயமில்லை என்று நினைத்தேன். ரோலர் உருள உருளப் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது, பொலித்தீன் ஒன்றையும் உறிஞ்சாது, அப்படியே ஈரமாக மேலே கிடந்தது, நான் அதை மிதித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போய் வந்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் வழிநெடுக வெள்ளைப் பாதம். உடனே ஈரத்துணியால் துடைத்தது போய்விட்டது, காய்ந்ததைச் சுரண்டின இடத்தில் நிலத்தின் மினுக்கமும் சேர்ந்து போய்விட்டது, இன்றைக்கும் அந்த இடம் வெளிறித்தான் இருக்கிறது. ஏணிக்குக் கீழே பொலித்தீன் வழுக்கினது வேறு.

அதைப் பார்த்த அம்மா கொட்டிலுக்குள் போய் நெல்லுக் காயப்போடுகிற சாக்குப் படங்கை இழுத்துக்கொண்டு வந்து, "இந்தப் படங்கைப் போடு" என்றா. இரண்டாக மடித்து விரித்தேன். விழுந்ததெல்லாம் சாக்கிலேயே ஊறிக் காய்ந்தது, காலில் ஒட்டவில்லை, வழுக்கவும் இல்லை. வெளிநாட்டுப் பெயின்ரர்மார் தடித்த பருத்திக் கன்வஸ் விரிப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பெயின்ற் பேணி வைக்கிற மூலையில் மட்டும் படங்குக்குக் கீழே பொலித்தீனையும் போட்டேன், பேணி கவிழ்ந்தால் சாக்கு மட்டும் தாங்காது.

சொல் அந்த இடத்திலேயே வந்துவிட்டது, நான் முன்னுக்கு 'சிந்து' என்று சேர்த்ததுதான். வன்னியில் நெல்லுச் சூடடிக்கிற களம் கண்ட யாருக்கும் படங்கு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். மணி மண்ணில் சிந்தாமல் இருக்க விரிப்பது. அதே வேலையைத்தான் இங்கேயும் செய்கிறது.

> படங்கு என்றால் தறப்பாள்தானே, பிறகேன் இரண்டு சொல்?

தம்பி, பேச்சில் கலந்துதான் புழங்குகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தறப்பாள் தண்ணீர் போகாமல் தடுக்கிறது, அதன் கீழே மழைக்காலம் கழித்த எங்களுக்கு அந்தச் சொல்லே வேறு மாதிரிக் கேட்கும். நிலத்துக்கு வேண்டியது உறிஞ்சுவது. கையேட்டில் 'தறப்பாள் விரிக்கவும்' என்று எழுதினால் படிக்கிற பிள்ளை போய் வழுக்குகிற சாமானைத்தான் விரிக்கும். அகராதியில் படங்குக்குக் கூடாரம், மேற்கட்டி என்று பொருள் கிடக்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். கிடக்கட்டும், எங்கள் களத்தில் அது நிலத்தில் கிடக்கிறது.

இலக்கணம்: 'சிந்தல்' என்று தொடங்கினால் 'சிந்தற்படங்கு' ஆகும், அதை எந்த மேசனும் வாயால் சொல்லமாட்டார். சிந்துபடங்கு வினைத்தொகை, அதனால் இடையில் ப் மிகாது. காடு சுடுவதில்லை, காட்டில் சுடுகிறோம், சுடுகாடு என்கிறோம். அதே மாதிரி படங்கில் சிந்துகிறோம். சிந்துப் பாட்டோடு குழம்பும் என்ற பயம் எனக்கில்லை, பெயின்ற் வாளிக்குப் பக்கத்தில் யாரும் காவடிச் சிந்தை நினைக்கப்போவதில்லை.

அடுத்தது, பெயின்ற் படக்கூடாத இடத்தில் ஒட்டுகிற மாஸ்கிங் ரேப். அதற்கு 'மறைநாடா' என்ற சொல் வந்திருக்கிறது. 1925 இல் அமெரிக்காவின் 3M கொம்பனியில் இருந்த ரிச்சர்ட் ட்ரூ அதைச் செய்தது காருக்கு இரண்டு நிறம் அடிக்கிறவர்களுக்காக, அங்கே மறைப்பதுதான் வேலை, ஆகவே பிழை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் சுவரும் நிலமும் சேர்கிற கரை நேராக வரத்தான் ஒட்டுகிறோம். சேலைக்கரை மாதிரி 'கரைநாடா' என்றால் எங்கே ஒட்டுவது என்று சொல்லே காட்டிவிடும். பெயின்ற் முழுக்க இறுகுவதற்கு முன்னம் உரித்துவிட வேண்டும் என்றதையும் கையேட்டில் அந்த இடத்திலேயே எழுதுங்கள் அண்ணை, பிந்தினால் பெயின்றும் தோலாக உரிந்துகொண்டு வரும்.

மட்டக்களப்பு, மன்னார்ப் பக்கம் உள்ளவர்கள் களத்தில் விரிப்பதை என்னவென்று சொல்கிறீர்கள்? அங்கேயும் படங்குதான் என்றால் இதை முடிவாக எடுக்கலாம். வேறு சொல் இருந்தால் அதையும் போடுங்கள், பார்ப்போம்.