தவணையாள்: பண்ணையாளுக்கு மாற்றுச் சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

> பண்ணையாள் என்று எளிய சொல் இருக்க, புதிதாக எதற்கு?

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. விக்டோரியா காலத்து ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷையர் பண்ணை வீடு பற்றிய கட்டுரையின் முதல் வரைவில், அங்கே சம்பளத்துக்கு வேலை செய்தவரை முழுக்கப் பண்ணையாள் என்றே எழுதினேன். ஆளமர்த்தும் சந்தை பற்றி எழுத வந்த இடத்தில் சொல் மக்கர் பண்ணியது.

பண்ணையாள் என்றதும் நமக்குத் தஞ்சாவூர்தான் நினைவுக்கு வரும். மிராசுதாரிடம் தலைமுறையாகக் கட்டுண்ட ஆள். 1952இல் அவருக்கென்று பாதுகாப்புச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்து ஆளின் கதை வேறு. மணமாகாதவர் என்றால் ஆறு மாதப் பேச்சு. மே, நவம்பரில் சந்தையில் போய் நிற்பார். பண்ணைக்காரர் வந்து சம்பளம் பேசுவார். படிந்தால் கையில் ஒரு ஷில்லிங். அதற்கு அங்கே ‘ஆர்ல்ஸ்’ என்று பெயர். இதற்கு நாம் மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம், அச்சாரம் அச்சாகப் பொருந்துகிறது. சம்பளம் ஆறு மாதம் முடிந்த பிறகுதான். நடுவில் ஓடிப்போனால் அது கைக்கு வருவது சந்தேகம். கெடு முடிந்ததும், இடம் பிடிக்காவிட்டால், தன் மரப்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போய்விடுவார். மணமானவருக்குப் பெரும்பாலும் ஓராண்டுப் பேச்சு, கூடவே குடியிருக்க வீடு.

இந்தக் கெடுதான் அவர் வாழ்க்கையின் அச்சு. அதனால் தவணையாள் என்று பரிந்துரைக்கிறேன்.

> தவணை என்றால் வங்கிக் கடன் ஞாபகம் வருகிறதே?

சென்னையில் வரும். இலங்கைப் பிள்ளைகளோ இன்றும் முதலாம் தவணைப் பரீட்சைதான் எழுதுகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர்களும் அந்த மே, நவம்பர் நாட்களை ‘டேர்ம்’ என்றே சொன்னார்கள். இன்னொரு வசதி, அடுக்களை வேலைக்கு வந்த பெண்ணும் இதே போல ஆறு மாதத்துக்கு அமர்த்தப்பட்டவர்தான். ‘ஆள்’ இருபாலுக்கும் பொது.

சரி, தங்குமிடம். அபர்டீன்ஷையரில் ஆண்கள் பண்ணை வீட்டு அடுக்களையில் சாப்பிட்டுவிட்டு, குதிரை லாயத்தின் மேலோ பக்கத்திலோ இருந்த ‘சாமர்’ என்ற அறையில் படுத்தார்கள். லாயத்தறை என்று போட்டுவிட்டேன். தெற்கே ஆங்கஸ் பக்கம் போனால் ‘பாதி’ (bothy) என்ற தனிக் குடில். அங்கே சமையலும் அவர்கள் பாடு. மரக்கிண்ணத்தில் ஓட்ஸ் மாவு, ஒரு சிட்டிகை உப்பு, மேலே கொதிக்கும் வெந்நீர். கொம்புக் கரண்டியின் காம்பால் கிளறி, பாலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டியதுதான். ‘புரோஸ்’ என்பார்கள். காலையும் அது, பல நாள் இரவும் அது. இதற்குத் தமிழ்ச்சொல் வேண்டாம், இட்லியை யாராவது மொழிபெயர்க்கிறோமா?

‘பாதி’யை ஒலிபெயர்த்தால் “ஆறு பேர் பாதியில் தூங்கினார்கள்” என்று வந்து நிற்கிறது! இலங்கை நண்பர் ஒருவர் லயம் என்றார், அதாவது அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. இலங்கையின் லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ‘பாதி’ வழக்கில் இருந்த கின்கார்டின்ஷையர்க்காரர்தான் என்பதால் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் லயத்தில் குடும்பங்கள் வாழ்ந்தன. பாதியில் கட்டைப் பிரம்மச்சாரிகள். கொட்டில் என்றால் மாடு வந்துவிடுகிறது. இப்போதைக்கு ஆட்குடில் என்று வைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. இதைவிட நல்ல சொல் கைவசம் இருந்தால் எழுதுங்கள்.