பினாங்கு ஹொக்கியன் இன்னும் எந்த வீட்டில் கேட்கிறது?

நான் மலேசியாவின் பினாங்குத் தமிழன், இங்கே ஜெலுத்தோங்கில் வளர்ந்தவன். சின்ன வயதில் எங்கள் தெருவில் விளையாட்டு, சண்டை எல்லாம் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில்தான், கல்லுக்கும் போலீஸுக்கும்கூட மலாய்ச் சொல்லைப் போட்டுப் பேசும் நம்ம ஊர் ஹொக்கியன். சமீபத்தில் ஆயர் ஈத்தாமில் ஒரு குவே தியாவ் (அரிசி நூடுல்ஸ்) கடையில் வழக்கம்போல ஹொக்கியனில் "கெராங் (சிப்பி) வேண்டாம், காரம் கொஞ்சம் தூக்கலாக" என்றேன். கடைக்கார ஆண்ட்டிக்கு ஒரே சந்தோஷம். உதவிக்கு நின்ற பேத்திதான் விழித்தாள், நான் என்ன கேட்டேன் என்று ஆண்ட்டி அவளுக்குத் சீனர்களின் பொதுமொழியான மாண்டரினில் திக்கித் திணறிச் சொல்ல வேண்டியதாயிற்று! பள்ளியில் மாண்டரின், வீட்டில் அப்பா அம்மாவும் அதையே பேசுகிறார்களாம், படிப்புக்கு நல்லது என்று. யாரும் சட்டம் போடவில்லை, பெற்றோரே விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

—

பெற்றோரை மட்டும் குறை சொல்லாதீர்கள் அண்ணே. நான் இருப்பது சிங்கப்பூரில், இங்கே அரசாங்கமே செய்தது. 1979இல் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கினார், அப்புறம் டிவி, வானொலியிலிருந்து ஹொக்கியன், தியோச்சியு, கான்டனீஸ் எல்லாம் படிப்படியாகப் போயின. வீட்டில் அதிகம் பேசுவது சீன வட்டார மொழி என்றவர்கள் 2010 கணக்கெடுப்பில் 14.3 சதவீதம், 2020இல் 8.7. கடைசியில் முதியவர்களிடம் அரசுத் திட்டங்களைப் பற்றிச் சொல்ல ஆளில்லாமல் 2016இல் டிவியிலேயே ஹொக்கியன் நாடகத் தொடர் போட்டார்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டி அதை விடாமல் பார்ப்பார். பேரனும் கூடவே உட்கார்ந்து கீழே ஓடும் எழுத்தை வாசித்துக்கொண்டிருப்பான், பாவம்.

—

நான் பினாங்கு பட்டர்வொர்த், கணவர் சீனர். 2017இல் முழுக்கப் பினாங்கு ஹொக்கியனிலேயே ஒரு படம் வந்தபோது குடும்பத்தோடு போனோம், திரும்பும்போது காருக்குள் எல்லோரும் மாண்டரினில்தான் அதைப் பாராட்டினார்கள், எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சும்மா பெருமைப்பட்டு என்ன ஆகும், குழந்தையைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்கள் மொழிதான் அதன் வாயில் வரும். என் மகன் மாமியாரிடம் வளர்ந்தான், ஹொக்கியனில் வெளுத்து வாங்குகிறான். நாத்தனார் மகள் நர்சரிக்குப் போனாள், ஆமா என்றுகூட ஹொக்கியனில் சொல்லத் தெரியாது. மகன் அடுத்த வருடம் சீனப் பள்ளிக்குப் போகிறான், அதுவரை மாமியார்தான் பொறுப்பு. அப்புறம் எப்படி என்று பார்க்க வேண்டும்.