டோனி க்வின் கல்லூரி மாணவர்களுக்கு எதைக் கற்றுத்தர முடிந்தது?

கேள்வி

அமெரிக்காவின் தொழில்முறை பேஸ்பால் அணியான சான் டியேகோ பாட்ரேஸுக்காக 1982 முதல் 2001 வரை ஆடிய டோனி க்வின், ஓய்வு பெற்றதும் தாம் படித்த சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பினார். முதலில் ஊதியமில்லாத துணைப் பயிற்சியாளராக இருந்தார். பின்னர் 2003 பருவத்திலிருந்து தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். 3,141 ஹிட்டுகள் (பந்தை அடித்துப் பாதுகாப்பாக பேஸை எட்டுவது) எடுத்தவர், தொழில்முறை பேஸ்பாலின் இரு லீகுகளில் ஒன்றான தேசிய லீகில் மிக உயர்ந்த அடி சராசரிக்கான பேட்டிங் பட்டத்தை எட்டு முறை வென்றவர். பிறவித் திறமையால் அடித்தவர்களுக்குத் தாம் செய்வதை விளக்கத் தெரிவதில்லை என்று பலர் சொல்கிறார்கள். அப்படியிருக்க, பதினெட்டு, பத்தொன்பது வயது மாணவர்களுக்கு அவரால் உண்மையில் எதைக் கொடுக்க முடிந்தது?

முதல் பதில்

க்வின்னின் அடியைப் பிறவித் திறமை என்று மட்டும் பார்ப்பதை நான் ஏற்கவில்லை. 1983இல் அடி சரியாக விழாமல் தடுமாறியபோது, வெளியூரில் இருந்த அவர், தாம் ஆடும் ஆட்டங்களை வீட்டு வீடியோ கருவியில் பதிவு செய்யும்படி மனைவியிடம் கேட்டுக்கொண்டார். ஊர் திரும்பி அந்த நாடாவைப் பார்த்துத் தம் பிழையைத் தாமே கண்டுபிடித்தார். அதன்பின் ஒவ்வொரு முறை பேட் பிடித்ததையும் பதிவு செய்து ஆராய்வது அவருடைய வழக்கமாகி, ‘கேப்டன் வீடியோ’ என்ற பட்டப்பெயரும் வந்தது. இன்று எந்தக் கல்லூரி அணியிலும் சாதாரணமாகிவிட்ட முறை அது. அன்று அதைச் செய்தவர்கள் மிகச் சிலரே.

இடக்கை ஆட்டக்காரரான அவர், மூன்றாம் பேஸ் காவலருக்கும், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் என்ற காவலருக்கும் நடுவேயுள்ள இடைவெளியைக் குறிவைத்துப் பந்தை அனுப்புவார். பந்தைக் கம்பத்தின் மேல் அசையாமல் வைத்து அடிக்கும் டீ பயிற்சியை, உச்சத்தில் இருந்தபோதும் அவர் கைவிடவில்லை. அதற்கும் மேலாக எனக்கு முக்கியமாகப் படுவது 1997ஆம் ஆண்டு. உடலுக்கு நெருக்கமாக வரும் பந்தை இழுத்து அடிக்கும்படி முந்தைய தலைமுறையின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் வலியுறுத்தியதை மனத்தில் கொண்டு, ஏற்கெனவே பட்டங்கள் குவித்திருந்த தம் அடியையே அவர் மாற்றிக்கொண்டார். 37 வயதில் 0.372 அடி சராசரியுடன் (ஆயிரம் வாய்ப்புக்கு 372 ஹிட்டுகள் என்ற கணக்கு) 17 ஹோம் ரன்களும் (பந்தை மைதான எல்லைக்கு வெளியே அனுப்பும் அடிகள்) அடித்தார், அவருடைய வாழ்நாளில் அதுவே அதிகம். அந்த வயதிலும் கற்றுக்கொண்டிருந்தவருக்கு, ஒவ்வொரு மாற்றத்தையும் ஏன் செய்தோம், எப்படிச் செய்தோம் என்று சொல்லத் தெரிந்திருக்கும்.

இரண்டாம் பதில்

மேலே உள்ளவற்றை மறுக்கவில்லை. ஆனால் முடிவுகளையும் பார்க்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளராக அவர் வென்ற ஆட்டங்கள் 363, தோற்றவையும் 363. அவரிடம் ஆடியவர்களில் மிகப் புகழ் பெற்ற ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க் அடிப்பவர் அல்லர், பந்தெறிபவர். தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் 2009 தேர்வில் முதல் ஆளாக வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியால் எடுக்கப்பட்டவர். ஆனால் தலைமைப் பயிற்சியாளரின் வேலையில் அடி கற்பிப்பது ஒரு பகுதிதான். மாணவர்களைத் தேடிச் சேர்ப்பது, உதவித்தொகையைப் பங்கிடுவது, பந்தெறிபவர்களின் சுமையைக் கணக்கிடுவது எல்லாம் அவர் தலையில்தான் விழும். ஆகவே வெற்றி தோல்விக் கணக்கைக் கொண்டு அடி கற்றுத்தந்த ஆசிரியரை எடைபோட முடியாது என்பதே என் கருத்து.

மூன்றாம் பதில்

மாணவர்கள் அவருடைய சொல்லை மட்டும் கவனிக்கவில்லை என்பதையும் சேர்க்க விரும்புகிறேன். 2010இல் உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய் கண்டறியப்பட்டபோது, பல ஆண்டுகள் வாயில் புகையிலை அடக்கி வைத்ததே காரணம் என்று க்வின் நம்பினார். அதே பழக்கம் இருந்த ஸ்ட்ராஸ்பர்க், தம் ஆசிரியரின் நோயைக் கண்டு அதை விடப்போவதாகச் சொன்னார்; அது எளிதில் கைகூடவில்லை. 2014 ஜூன் 16 அன்று, 54 வயதில், அதுவரை அந்தப் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராகவே இருந்த க்வின் மறைந்தார். அதன்பின் ஸ்ட்ராஸ்பர்க் மீண்டும் முயன்றார்.