நுரையீரலில் தங்கிவிடும் டி செல்லுக்கு ஒரு பெயர்

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. 'டிஷ்யூ ரெசிடென்ட் மெமரி டி செல்' என்ற இடத்தில் இரண்டு நாளாக நிற்கிறேன். ஃப்ளூ வந்து போனபின், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான டி செல்களில் சில, ரத்தத்துக்குத் திரும்பாமல் நுரையீரலிலேயே இருந்துவிடுகின்றன. மறுபடி வைரஸ் நுழைந்தால், நிணநீர்க் கணுக்களிலிருந்து படை வந்து சேர்வதற்குள் இவை இன்டர்ஃபெரான் காமா என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து வேலையைத் தொடங்கிவிடும். 'திசுவுறை நினைவு டி செல்' சரியா?

> திசுவுறை

காலையில் வகுப்பில் எழுதிப் போட்டேன். முதல் பெஞ்சே "கவரா சார்?" என்றது. பின்னாலிருந்து ஒருத்தி, "ஃப்ரீசர்ல வெச்சதா?"

> ஃப்ரீசர்ல வெச்சதா

குறளில் 'வான்உறையும் தெய்வம்' ஃப்ரீசரிலா இருக்கிறது ஐயா? உறைவிடம், உறையுள் எல்லாம் அதே வேர்தான். எனக்கு உறுத்துவது 'செல்'. அது 'போ' என்னும் ஏவல். தங்குவதற்குப் பெயர் வைக்கும்போது விரட்டுவானேன்? 'உயிரணு' என்க.

வார இதழ்களின் மருத்துவர் பதில்களில் உயிரணு என்றால் என்ன என்று புலவர் ஐயாவுக்குத் தெரியாது போலிருக்கிறது. வேண்டாம்.

இலங்கையில் நாங்கள் திசுவை இழையம், செல்லைக் கலம் என்றுதான் படித்தோம். வதிவிட விசாவும் எல்லாருக்கும் தெரியும். 'இழையவதி நினைவுக் கலம்' என்றால் குழப்பமில்லை.

கலம் என்றால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் நெல்தான் ஞாபகம் வரும், மன்னிக்கவும்.

ஆய்வகத்திலிருந்து ஒரு சொல். இவை சும்மா குடியிருப்பவை அல்ல. சிடி69 என்ற புரதம் வெளியேறும் வழியை அடைக்கிறது. பலவற்றில் சிடி103 என்ற இன்னொரு புரதம், காற்றுப்பாதைச் சுவரின் ஈ-கேதரின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அப்படியும் நுரையீரலில் இவை நிலைப்பதில்லை. தோலில் நெடுநாள் இருப்பவை, எலி நுரையீரலில் சில மாதங்களிலேயே குறைந்துவிடுகின்றன. ஃப்ளூ மறுபடி மறுபடி வர இதுவும் ஒரு காரணம். உறைதலிலும் வதிதலிலும் நிரந்தரம் தொனிக்கிறது. தங்குதல் அப்படியல்ல, லாட்ஜில் தங்குகிறோம், உறைவதில்லை. என் ஓட்டு 'திசுத்தங்கு'.

திசுத்தங்கு நாக்கில் புரளவில்லையே. 'தங்கு நினைவு டி செல்' போதாதா?

சரி, 'தங்கு'வுக்கு நாலு பேர், 'வதி'க்கு ஒருவர், 'உறை'க்கு ஒருவர். பதிப்பாளர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். 'நுரையீரலில் தங்கும் நினைவு டி செல்' என்று விரித்தே எழுதி அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

> தங்கும் ... செல்

அனுப்பியாயிற்றென்றால் சரி. ஆனால் அதை இருக்கச் சொல்கிறீர்களா, போகச் சொல்கிறீர்களா?