பெல் சோதனையில் 2 ஐத் தாண்டினால் ஒட்டுக்கேட்பவன் இல்லை என்பது எப்படி?

கேள்வி: சாவகச்சேரி ஃபைபர்காரன்
ஃபைபர் ஒட்டும் வேலை செய்கிறேன். ஃபைபரைக் கொஞ்சம் வளைத்தாலே ஒளி கசியும், லைனை வெட்டாமலே சிக்னல் பார்க்கலாம். குவாண்டம் பின்னலுள்ள போட்டோன்களை (அளந்தால் வரும் விடைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் ஒளித்துகள் சோடிகளை) இரு முனைகளுக்கும் அனுப்பிப் பெல் சோதனை செய்தால் 2 இற்கு மேல் ஓர் எண் வரும், வந்தால் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்கிறார்கள். ஓர் எண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

பதில்: கொக்குவில் ரீச்சர்
அண்ணை, ஒட்டுக்கேட்பவனின் பக்கமிருந்து யோசியுங்கோ. அவனுக்கு வேண்டியது இரு முனைகளிலும் போட்டோனை அளக்கும்போது வரப்போகும் விடைகள். அவை முன்னமே எங்காவது இருந்தால்தான் அவனால் படிக்க முடியும். அப்படி இருந்தால், எந்தக் கோணத்தில் அளப்பது என்று இரு பக்கமும் எழுமாற்றாகத் தெரிவு செய்யும்போது இரு பக்க விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதிலிருந்து கணக்கிடும் நீங்கள் சொன்ன அந்த எண் 2 ஐத் தாண்டவே தாண்டாது. இது சாதாரண நிகழ்தகவுக் கணக்கு. பின்னிய போட்டோன்களோ 2.83 வரை போகும். அளக்கும் வரை விடையே இல்லை என்றால் எதைத் திருடுவது? 1935இல் ஐன்ஸ்டீன் எழுப்பிய சந்தேகத்திலிருந்து பிறந்த இந்த 2 என்ற எல்லையை (பெல் சமனிலியை), 1991இல் ஆர்தர் எக்கர்ட் இரகசியத் திறப்புக்கு (செய்தியைப் பூட்டும் இரகசிய 0, 1 வரிசைக்கு) காவலாக்கினார். பௌதிகவியலில் எனக்கு ஆகப் பிடித்த இடம் இதுதான்.

இதனால் செய்தி ஒளியைவிட வேகமாகப் போகாது. ஒரு முனையில் தெரிவது எழுமாற்றான 0, 1 மட்டுமே. ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண லைன் வேண்டும்.

சாவகச்சேரி ஃபைபர்காரன்
சரி ரீச்சர், விளங்குது. ஆனால் கொழும்பு வரை? நல்ல ஃபைபரிலேயே கிலோமீற்றருக்கு 0.2 டெசிபல் போகும். 400 கிலோமீற்றருக்கு 80 டெசிபல், பத்துக் கோடியில் ஒரு போட்டோன்தான் மிஞ்சும். இடையில் அம்பிளிஃபயர் போடலாமா?

கொக்குவில் ரீச்சர்
முடியாது. தெரியாத குவாண்டம் நிலையை அப்படியே பிரதி எடுக்க இயற்கை விடாது. அதனால்தான், பின்னிய போட்டோன்களை நீண்ட ஃபைபர் இல்லாமல் வானிலிருந்தே இரு பக்கமும் அனுப்ப, சீனா மிசியஸ் செய்மதியை ஏவியது. 2020இல் 1120 கிலோமீற்றர் இடைவெளியிலுள்ள இரு தரை நிலையங்களுக்கு அதன் மூலம் திறப்புக் கிடைத்தது. செய்மதியே எதிரியின் கையில் இருந்தாலும், சோதனை தரையில் நடப்பதால் ஏமாற்று தெரிந்துவிடும்.

பதில்: திருநெல்வேலி மாணவன்
ரீச்சர், தரையிலுள்ள உணரிகளை (போட்டோன்களைப் பிடித்து அளக்கும் கருவிகளை) நம்பினால்தான் அது சரி. 2010இல் விற்பனைக்கு இருந்த கருவிகளின் உணரிகளையே பலமான லேசரால் குருடாக்கிக் காட்டினார்கள். பெரும்பாலான போட்டோன்கள் தொலைந்து, மிஞ்சியதை மட்டும் கணக்கெடுத்தால் எதிரியால் 2.8 ஐயும் போலியாகக் காட்ட முடியும். கருவியை நம்பாமல் திறப்பு எடுக்கும் முறையை 2022இல் ஒக்ஸ்போர்டில் செய்துவிட்டார்கள், ஆனால் அங்கே பின்னிய இரண்டு அயனிகளுக்கும் (மின்னேற்றமுள்ள அணுக்களுக்கும்) இடையில் சுமார் 2 மீற்றர்தான். சாவகச்சேரி அண்ணை சொன்ன அந்த 80 டெசிபல்தான் இப்போதும் பெரிய தடை.