வல்லாரைதானா? பறிக்கும் முன் பார்க்க வேண்டியவை

குன்னூரிலிருந்து:
தேயிலைத் தோட்ட வாய்க்கால் ஓரம், ஈரப் புல்தரை, பாறைக் கசிவு, இங்கெல்லாம் வல்லாரை தரையோடு படரும். இலையை மட்டும் பார்த்துக் கிள்ளாதீர்கள், கொடியைத் தூக்கிப் பாருங்கள். தண்டு மெலிந்து, பெரும்பாலும் செம்மை ஓடியிருக்கும். கணுவுக்குக் கணு வேர் பிடித்து, அங்கிருந்தே இலைகள் கொத்தாக எழும். இலை விளிம்பு முழுக்க மழுங்கிய பற்கள். காம்பு இலையின் அடிப்பிளவில் வந்து சேரும். நர்சரிகளில் வல்லாரை என்றே தரும் ஒரு தொட்டிச் செடிக்குக் காம்பு இலையின் நடுவில் குடைக்கம்பி போல நிற்கும், அது வேறு. பூ இருந்தால் சந்தேகமே இல்லை: இலைகளுக்கு அடியில், மண்ணை ஒட்டி, இரண்டு மூன்றாகச் செம்மை கலந்த பொடிப் பூக்கள்.

தாண்டிக்குடியிலிருந்து:
சரியாகச் சொன்னீர்கள் அண்ணா. சோலை ஓரங்களில் ஏமாற்றுவது ஹைட்ரோகோட்டைல் என்ற, வல்லாரை போலவே தெரியும் செடி. அதன் இலை ஐந்தாறு மடல்களாகப் பிரிந்து, தொட்டால் ரோமம் தெரியும். பூக்கள் உருண்டையாகத் திரண்டிருக்கும். டைகோண்ட்ரா என்ற இன்னொரு படர்செடிக்கு இலை விளிம்பில் பல்லே கிடையாது. காபித் தோட்ட நிழலில் வல்லாரை இலை பெருத்து, காம்பு நீளும். வெயிலில் சிறுத்துப்போகும். ஆகவே அளவை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

செடியைவிட இடம்தான் எனக்குக் கவலை. கிளைபோசேட் போன்ற களைக்கொல்லி செடிக்குள்ளேயே இறங்கிவிடும், எத்தனை முறை கழுவினாலும் போகாது. தெளித்துச் சில நாள்வரை இலை பச்சையாகவே நிற்பதால் கண்ணுக்கும் தெரியாது. தோட்டத்தில் எப்போது மருந்தடித்தார்கள் என்று கேட்காமல் பறிக்கவே கூடாது. சாக்கடை ஓரமும் வேண்டாம். மண்ணிலுள்ள உலோகங்களை வல்லாரை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும்.

கோத்தகிரியிலிருந்து:
துவையலுக்கு இரண்டு கைப்பிடி இளம் இலை, இரண்டு டீஸ்பூன் உளுந்து, மூன்று வரமிளகாய், கொஞ்சம் புளி, மூன்று டேபிள்ஸ்பூன் தேங்காய். உளுந்தையும் மிளகாயையும் வறுத்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் இலையைச் சுருளும்வரை மட்டும் வதக்குங்கள். கருக விட்டால் கசப்பு ஏறிவிடும். முற்றிய காம்பு சேர்ந்தாலும் அப்படித்தான். புளியைக் குறைக்காதீர்கள், கசப்பை அடக்குவது அதுதான்.

பொடிக்கு நிழலில் உலர்த்த வேண்டும். நம் ஊர் மூடுபனியில் பரப்பி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டமான அறையில், துணிமேல் ஒற்றை அடுக்காக. இலை நொறுங்கும் பதம் வந்தபிறகே அரைக்கலாம்.

நினைவாற்றலுக்கென்று காலங்காலமாகக் கொடுக்கிறார்கள், ஆனால் அதற்கான சான்று வலுவாக இல்லை. புண் ஆற்றுவதில் இலையிலுள்ள ஏசியாடிகோசைடு என்ற வேதிப்பொருளுக்கு ஆய்வுத் துணை உண்டு. அதற்காகக் காட்டு இலையை அரைத்துத் திறந்த காயத்தில் அப்ப வேண்டாம், மண்ணும் கிருமியும் சேர்ந்தே போகும். சிலருக்குத் தோலில் அரிப்பும் வரும்.

குன்னூரிலிருந்து:
ஒன்று விட்டுப்போயிற்று அக்கா. வாரம் ஒன்றிரண்டு முறை துவையல் என்பது கீரை அளவு. தினமும் பொடி, மாத்திரை என்று போனால் அது மருந்து. அதிகமானால் தலைவலியும் மயக்கமும் வரும், கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகக் கூடாது.