மறுமொழி: ‘ஆட்சேர்ப்பு’ வேண்டாம், ‘இளவரத்து’ சரிவருமா?

அன்பின் நண்பர்களுக்கு,

மீன்வள நூலில் வரும் ‘recruitment’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘ஆட்சேர்ப்பு’ பழகிய சொல், அதையே வைத்துக்கொள்வோம் என்று திருகோணமலை நண்பர் எழுதியிருந்தார். இரண்டு நாளாக யோசித்தேன், மனம் ஒப்பவில்லை. இராணுவத்துக்கும் கந்தோருக்கும் ஆள் சேர்ப்பார்கள். கடலில் மீனை யார் சேர்க்கிறார்கள்? முட்டை பொரித்து, பசிக்கும் பெரிய மீனின் வாய்க்கும் தப்பி, வலைக்கண்ணில் நிற்கும் அளவுக்கு வளர்ந்து அது தானாக வந்து சேர்கிறது. ஒரு வருடத்தில் அப்படித் தேறி வரும் இளமீன்களின் எண்ணிக்கைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை மடல் என்று இன்னொருவர் கேட்டார். மீன்பிடி ஒரு காலம் கொழிப்பதும் ஒரு காலம் வறண்டு போவதும் ஏன் என்ற கேள்விக்குப் பாதி விடை இதற்குள் இருக்கிறது, அதனால்தான். மீன் குறைந்தால் வேறு கரைக்குப் போய்விட்டது என்றே ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். நோர்வேயின் மீன்வள அறிஞர் யொஹான் யோர்ட், ஹெரிங் மீனின் செதில் வளையங்களை எண்ணி வயது கண்டு, 1914இல் வேறு கதை சொன்னார். 1904இல் பிறந்த மீன்களே பல வருடங்கள் பிடியில் மிகுந்திருந்தன. முட்டையிலிருந்து கூடவே வந்த மஞ்சட்கரு உணவு தீர்ந்த வேளையில் குஞ்சுக்கு முதல் இரை கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தே ஒரு வருடம் தேறும், ஒரு வருடம் தேறாது என்று அவர் கருதினார்.

பெருவில் 1970இல் பிடித்த நெத்தலி 1 கோடியே 20 இலட்சம் தொன்னுக்கு மேல். 1972இல் கடலைச் சூடேற்றும் எல் நினோ வந்தது, குஞ்சு தேறவில்லை, அதற்கு முன்பே பிடியும் அளவு மீறியிருந்தது. 1973இல் கிடைத்தது 20 இலட்சம் தொன்னுக்கும் கீழே. பக்கத்துக் கேரளத்தில் மத்தி, அதாவது நம் சாளை, 2012இல் ஏறத்தாழ 4 இலட்சம் தொன். 2021இல் 3,500 தொன்கூட இல்லை. இந்த எண்களைப் படிக்கும் மாணவனிடம் ‘ஆட்சேர்ப்புக் குறைந்தது’ என்றால் அவனுக்கு என்ன விளங்கும்?

நான் வன்னியில் குளத்தடியில் வளர்ந்தவன். குளத்துக்கு மழையோடு வரத்து. துருசு திறந்து வயலுக்கு எடுப்போம், மிச்சத்தில் வெயில் கொஞ்சம் குடிக்கும். வரத்துப் பொய்த்த வருடத்தில் வழக்கம்போலத் துருசைத் திறந்தால் ஆடிக்கு முன்பே சேறு தெரியும். மீன் இருப்பின் கணக்கும் இதேதான்: வரத்து, பிடி, இயற்கைச் சாவு. ஆகவே ‘வரத்து’ என்று முதலில் எழுதி வைத்தேன். ஆனால் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடை மீன் சந்தையில் ‘இன்றைக்கு வரத்துக் குறைவு’ என்றால் லொறியில் வந்து இறங்கிய மீனைச் சொல்கிறார்கள், பத்திரிகையிலும் அப்படித்தான். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் ‘இள’வைச் சேர்த்தேன். இளவரத்து.

சென்னை நண்பரின் ‘புதுவரவு’ எளிமையான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் வலசை வந்த முதிர்ந்த மீனும் புதுவரவுதானே? இளமை என்ற பொருள் அதில் விழவில்லை. ‘அடுத்தடுத்து இரண்டு வருடம் இளவரத்துப் பொய்த்தால் பிடியைக் குறைக்க வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள், அகராதி தேவைப்படாது. தாய்மீன்கள் அருகி இளவரத்தே கெடும்வரை பிடிப்பதற்கு ‘வரத்தழி மிகைபிடி’ என்று ஒன்று வைத்திருக்கிறேன். கொஞ்சம் கரடுமுரடு, செப்பமாக வேறு இருந்தால் தாருங்கள்.

அப்புறம், ஒரே வருடத்தில் பிறந்த மீன்களுக்கு ‘ஆண்டு வகுப்பு’ என்கிறது கைவசமுள்ள கலைச்சொற் பட்டியல். அது பள்ளிக்கூடத்தைத்தான் நினைவூட்டுகிறது. ‘பொரிப்பு’ என்று ஒரு யோசனை வந்தது. மீனோடு சேர்ந்தால் சட்டிக்குப் போய்விடும். மாட்டுக்குத் தலையீற்று, இரண்டாம் ஈற்று என்று சொல்கிறோமே, அந்த ‘ஈற்று’ எனக்குப் பொருந்துகிறது. மீன் ஈனுவதில்லை என்பார்கள். வாழையும் குலை ஈனுகிறது என்றுதானே சொல்கிறோம்? ‘1904 ஈற்று’ கச்சிதமாக நிற்கிறது. ஒரே தயக்கம், ‘ஆண்டீற்று’ என்று சேர்த்து எழுதினால் ஆண்டின் இறுதி என்று வாசித்துவிடுவார்களோ என்பதுதான். இலக்கணம் அறிந்தவர்கள் இதைத் தீர்த்துத் தந்தால், நூலின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து